ரகசியக்காரர்கள் கூடும் மேசை

(கல்லூரி வேதியியல் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வினையூக்கிகளைப் பற்றி வகுப்பில் எவ்வளவோ படித்திருப்பீர்கள். அவற்றோடு நாள் முழுக்க மாரடிக்கிற ஆட்களைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். குறிப்பாக, அமெரிக்காவில் டெலவேர் ஆற்றங்கரையில் அவர்கள் 1949-ல் தொடங்கிய ஒரு சின்னச் சங்கத்தைப் பற்றி. பெயர் பிலடெல்பியா கேட்டலிசிஸ் கிளப். கிளப் என்றதும் சீட்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கையில் ஒரு கோப்பையோடு கொஞ்ச நேரம் அரட்டை, பிறகு சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் எழுந்து பிளாட்டினத்தைப் பற்றியோ ஜியோலைட்டைப் பற்றியோ ஒரு மணி நேரம் பேசுவார். அவ்வளவுதான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதே சடங்கு நடந்துவருகிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் அதிசயம் புரியும். ஒருவர் மொபில் கம்பெனியின் பால்ஸ்பரோ ஆய்வகத்துக்காரர். அடுத்தவர் அட்லாண்டிக் சுத்திகரிப்பு ஆலை. எதிரில் ஹூட்ரி கம்பெனி, அந்தப் பக்கம் சன் ஆயில், கோடியில் டூபான்ட். பகலில் ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் காப்புரிமையில் முந்திக்கொள்ளத் துடிக்கிறவர்கள். மாலையில் ஒரே கூடையிலிருந்து ரொட்டி எடுத்துச் சாப்பிடுகிறார்கள். சாப்பிடுவது பெரிய விஷயமில்லை. சாப்பிட்டுவிட்டு எதைப் பேசுவார்கள்? தொழிலைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடும். தொழிலைப் பற்றிப் பேசாவிட்டால் சங்கம் எதற்கு?

இந்தச் சங்கடம் எவ்வளவு ஆழமானது என்பது புரிய, வினையூக்கித் தொழிலின் ரகசியம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். போட்டிக் கம்பெனியின் வினையூக்கியில் ஒரு பிடி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு அலுமினா, எவ்வளவு சிலிக்கா, எத்தனை சதவீதம் பிளாட்டினம் என்பதைப் பகுப்பாய்வு செய்து சொல்லிவிடலாம். அதே விகிதத்தில் நீங்களும் செய்து பாருங்கள். வேலை செய்யாது, அல்லது ஒரு வாரம் வேலை செய்து படுத்துவிடும். எந்தக் கரைசலை எதில் ஊற்றினார்கள், அப்போது அமிலத்தன்மை என்ன, கூழை எத்தனை மணி நேரம் அப்படியே விட்டுவைத்தார்கள், எவ்வளவு மெதுவாக உலர்த்தினார்கள், உலையில் நீராவி இருந்ததா இல்லையா - எல்லாம் சேர்ந்துதான் வினையூக்கி. இவற்றில் பாதி பொடியில் தடயமே விடாது. காப்புரிமையில் எழுதினாலும், எழுதாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கும். ஆகவே இந்தத் தொழிலில் வாயைக் கட்டுவது வெறும் அலுவலக ஒழுங்கு இல்லை, சொத்தே அதுதான்.

அந்தச் சொத்தின் மதிப்பை அந்த ஆற்றங்கரைக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். யூஜீன் ஹூட்ரி, 1892-ல் பிறந்தவர், படிப்பால் இயந்திரப் பொறியாளர், முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பந்தயக் கார் பைத்தியம். கார் வேகமாக ஓட நல்ல பெட்ரோல் வேண்டும். அந்தத் தேடலில் களிமண்ணில் வந்து நின்றார். கனமான எண்ணெயை வெறும் சூட்டில் உடைப்பது அப்போது வழக்கம். அமிலத்தில் பதப்படுத்திய களிமண்மேல் அந்த ஆவியைச் செலுத்தினால் நல்ல ஆக்டேன் எண் உள்ள பெட்ரோல் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால் சில நிமிடங்களில் களிமண்மேல் கரி படிந்து அது செத்துவிடும். வினையூக்கி செத்துப்போகும் என்று தெரிந்ததும் மற்றவர்கள் அதைக் கைவிட்டிருந்தார்கள். ஹூட்ரி, கரியை எரித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாமே என்றார். பத்து நிமிடம் எண்ணெய், பிறகு எண்ணெய் ஆவியை வெளியேற்றுதல், பிறகு காற்றை ஊதிக் கரியை எரித்தல், மறுபடி எண்ணெய். ஒரு கலன் எரியும்போது இன்னொன்று உற்பத்தியில் இருக்கும். எரிகிற சூட்டை உருகிய உப்பு குழாய் வழியாக எடுத்துப் போகும். வால்வுகளைக் கடிகாரம் திறந்து மூடும். இன்று கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணெய் ஆவியும் சூடான காற்றும் மாறி மாறி வரும் கலனுக்கு வால்வு செய்வது அன்று விளையாட்டில்லை.

1930-ல் அமெரிக்கா வந்து முதலில் டெலவேர் ஆற்றின் நியூ ஜெர்சிக் கரையில் பால்ஸ்பரோவில் வேலை தொடங்கினார். பிறகு எதிர்க்கரையில் சற்றுத் தெற்கே பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக் என்ற ஊரில் சன் ஆயில் ஆலையில் 1937-ல் முதல் பெரிய அலகு ஓடியது. வெறும் சூட்டில் உடைத்தால் எண்ணெயில் கால் பங்குதான் நல்ல பெட்ரோலாகும். ஹூட்ரியின் அலகில் கிட்டத்தட்டப் பாதி. இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் நேச நாடுகளின் விமானப் பெட்ரோலுக்கு இது பெரிய தூண். ஹூட்ரியின் காப்புரிமையைச் சுற்றிக்கொண்டு போக வேறொரு வழி தேடி 1938-ல் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் பல ஒன்றுசேர்ந்தன. அதன் விளைவாக 1942-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் வேறு மாதிரி அலகு வந்தது: களிமண் ஓரிடத்தில் கிடக்காமல் பொடியாகி, எண்ணெய் ஆவியோடு ஆறாகப் பாய்ந்து, இன்னொரு கலனுக்குள் போய்க் கரியை எரித்துக்கொண்டு திரும்பும். நம் மணலி ஆலை உள்பட இன்றைய ஆலைகளில் இருப்பது அதன் வாரிசுதான்.

ஆக 1940-களின் இறுதியில் நிலைமை இது. ஓர் ஆற்றின் இரு கரைகளிலும், காரில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள், வினையூக்கியில் உலகத்திலேயே தேர்ந்த கைகள் குவிந்திருந்தன. ஒருவருக்கு ஒருவர் எதுவும் சொல்லக்கூடாது. 1949-ல் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு சிகாகோப் பக்கத்து யுஓபி கம்பெனியில் விளாதிமிர் ஹேன்சல் கண்டுபிடித்த பிளாட்டினம் வினையூக்கி முதல் ஆலையில் ஓடத் தொடங்கியது. நகைக்கடையில் மட்டுமே கேள்விப்பட்ட உலோகத்தை எண்ணெய் ஆலையில் கொட்டுவதா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்து முடிப்பதற்குள் எல்லா ஆலைகளும் வாங்கத் தொடங்கின.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சொல்லக்கூடாதவர்கள் எதைப் பேசினார்கள்?

பேசியது அளவுகளை. செய்முறையைச் சொல்லாமல், செய்த பொருள் எப்படிப்பட்டது என்பதை எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோலில் சொல்வது. இதை நான் சங்கத்தின் உண்மையான சாதனை என்று கருதுகிறேன். விருதுகளும் விருந்துகளும் இதற்குப் பிறகுதான். அளவுகோல்களைச் சங்கம் கண்டுபிடிக்கவில்லை; கண்டுபிடித்தவர்கள் தனி மனிதர்கள். ஆனால் ஓர் அளவுகோல் என்பது பத்துப் பேர் ஒப்புக்கொண்டால்தான் அளவுகோல். அந்தப் பத்துப் பேரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது யார்?

முதல் அளவுகோல் பரப்பு. புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938-ல் கொடுத்த முறை. மூவரின் முதலெழுத்தில் பிஇடி என்கிறோம். திரவ நைட்ரஜனின் குளிரில் பொடியின் துளைகளுக்குள் நைட்ரஜன் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தால், பொடியின் உட்பரப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். ஒரு கிராம் சிலிக்கா-அலுமினாவுக்குள் சில நூறு சதுர மீட்டர் இருக்கும். மூவரில் டெல்லர், பின்னாளில் ஹைட்ரஜன் குண்டோடு பெயர் சேர்ந்த அதே டெல்லர்தான். "எங்கள் பொடியின் பரப்பு இவ்வளவு" என்று ஒருவர் மேடையில் சொன்னால் அவர் எதையும் காட்டிக்கொடுத்துவிடவில்லை. கேட்டவர் நிறையத் தெரிந்துகொண்டார்.

இரண்டாவது, நீ அளந்தது வேதிவினையைத்தானா என்ற கேள்வி. துளைக்குள் நுழைந்து வெளியேறவே மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால், நாம் அளக்கும் வேகம் நெரிசலின் வேகம்; வினையின் வேகம் அல்ல. இதைச் சோதிக்க மொபில் ஆய்வகத்தின் பால் வைஸும் சார்லஸ் பிரேட்டரும் 1954-ல் ஓர் எளிய விதி எழுதினார்கள். வினைவேகம், துகளின் ஆரம், செறிவு, பரவல் எண் - நான்கையும் போட்டால் ஓர் எண் வரும். எண் சிறியதாயிருந்தால் உன் முடிவை நம்பலாம். இன்றும் ஆய்விதழ்களில் மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். மாணவ நண்பர்களே, உங்கள் கட்டுரை திரும்பி வந்திருந்தால் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. பிளாட்டினம் வினையூக்கி பரவியபின் எல்லோருக்கும் ஒரு புதிர். நேர்சங்கிலி ஹைட்ரோகார்பனைக் கிளைச்சங்கிலியாக மாற்றுகிறது அது. பெட்ரோலின் ஆக்டேன் எண் ஏறுகிறது. பிளாட்டினம் மட்டும் இருந்தால் மாற்றம் நடப்பதில்லை. அமிலத் தன்மையுள்ள சிலிக்கா-அலுமினா மட்டும் இருந்தாலும் நடப்பதில்லை. இரண்டும் இருந்தால் நடக்கிறது. இந்த ஒரே புதிரை அட்லாண்டிக்கில் சியாபெட்டா, ஹூட்ரி கம்பெனியில் மில்ஸ், ஹைன்மன், மில்லிகன், ஓப்ளாட், மொபிலில் வைஸ் என ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஹூட்ரி நால்வர் 1953-ல் சொன்ன விளக்கம் இது: பிளாட்டினம் ஹைட்ரஜனைப் பிடுங்கி ஓலிஃபின் ஆக்குகிறது; ஓலிஃபின் அமில இடத்துக்குப் போய்க் கிளையாக மாறுகிறது; மறுபடி பிளாட்டினத்துக்கு வந்து ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்கிறது. இரண்டு வேலை, இரண்டு இடம்.

அழகான விளக்கம். ஆனால் ஓலிஃபின் உண்மையிலேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பயணம் போகிறதா, யார் பார்த்தது? வைஸும் ஸ்வெக்லரும் 1957-ல் சயன்ஸ் இதழில் ஒரு சோதனையை எழுதினார்கள். பிளாட்டினத்தை ஒரு பொடியில் ஏற்று. அமிலத்தை வேறொரு பொடியாக வைத்துக்கொள். இரண்டையும் சும்மா கலந்து கொட்டு. வேதிச் சேர்க்கை எதுவும் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள், அவ்வளவுதான். மாற்றம் நடந்தது! அதோடு விடவில்லை. இரண்டு பொடிகளையும் இன்னும் நுண்ணியதாக அரைத்துக் கலந்தார்கள். ஆயிரம் மைக்ரான் துகளில் மந்தமாக இருந்த மாற்றம் ஐந்து மைக்ரானுக்கு வரும்போது நன்றாக ஏறியது. துகள் சிறியதானால் பயணத் தொலைவு குறைகிறது, பயணி சீக்கிரம் போய்ச் சேருகிறார். கல்வத்தில் அரைத்தே நிரூபித்த முடிவு! நம் ஊர் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இதன் சிறு வடிவத்தைச் செய்து காட்டலாம்; கேஸ் குரோமட்டோகிராஃப் ஒன்று வேண்டும், பொறுமை வேண்டும்.

இதில் மூன்று கம்பெனிகளும் யாருடைய செய்முறையையும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசியது ஹெக்சேன், ஹெப்டேன் போன்ற சுத்தமான ஒற்றைச் சேர்மங்களின் மேல் நடந்த வினைகளைப் பற்றி. ஆலைக்குள் வருவதோ கறுத்த, கந்தகம் நாறும் எண்ணெய். அந்த எண்ணெயைப் பற்றிப் பேசினால் வழக்கறிஞர் எழுந்து வருவார். ஹெக்சேனைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். மாதிரிச் சேர்மம் என்பதை நம் மாணவர்கள் ஏதோ ஏழைகளின் மாற்று வழி என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், போட்டியாளர்கள் நாகரிகமாகப் பேசிக்கொள்ளக் கிடைத்த மொழி அது. 1965-ல் வைஸும் மியாலேயும் கொண்டுவந்த ஆல்ஃபா எண் இதன் உச்சம். நார்மல் ஹெக்சேனை 538 டிகிரியில் உடை. சாதாரண சிலிக்கா-அலுமினாவின் வேகத்தை ஒன்று என்று வை. உன் பொடி எத்தனை மடங்கு? சில ஜியோலைட்டுகள் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வந்து நின்றன. ஒரே ஓர் எண். செய்முறை பூட்டுக்குள், எண் மேடையில்.

ஜியோலைட் என்றதும் பால்ஸ்பரோவின் சார்லஸ் பிளாங்க், எட்வர்ட் ரொசின்ஸ்கி பெயர்களைச் சொல்லாமல் போனால் பாவம். மூலக்கூறு அளவுக்கு ஒழுங்கான துளைகள் உள்ள படிகத்தில் அருமண் உலோகங்களை ஏற்றி, 1960-களின் தொடக்கத்தில் எண்ணெய் உடைக்கும் வினையூக்கியாக்கினார்கள். அதற்குப் பின்னால் எந்த ஆலையும் பழைய களிமண்ணுக்குத் திரும்பவில்லை. அதே கம்பெனியில் பிறந்த இசட்எஸ்எம்-5 என்ற படிகம் பாரா-சைலீன் முதல் பல பொருள்களுக்கு வாசல். பெயரில் உள்ள எஸ்எம், சோகோனி மொபில்.

சங்கத்தின் நடைமுறைக்கு வருகிறேன். தலைவர், அடுத்த தலைவர், முந்தைய தலைவர், செயலாளர், பொருளாளர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர், இவர்களோடு ஏற்பாட்டுப் பொறுப்பாளர் என்று ஒருவர். கடைசி ஆள்தான் பாவப்பட்ட ஆள். ஓட்டலுக்கு எத்தனை இலை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வருகிறேன் என்றவர் ஆலையில் கம்ப்ரஸர் நின்றுவிட்டதால் வரமாட்டார்; வரவில்லை என்றவர் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். சாப்பிடாத இலைக்கும் ஓட்டல் கணக்கு எழுதும். வினையூக்கியில் கரி எவ்வளவு படியும் என்று மூன்று தசமத்துக்குச் சொல்கிற ஆட்களால் நாற்பது பேர் சாப்பாட்டைக் கணிக்க முடியாது. கூட்டம் பெரும்பாலும் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் நடக்கும். பிலடெல்பியாக்காரருக்கும் டூபான்ட் ஆய்வகத்தாருக்கும் டெலவேர் பல்கலைக்கழகத்தாருக்கும் நடுவில் உள்ள ஊர். இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை இந்தக் கூட்டங்கள். வசந்தத்தில் ஒரு முழுநாள் கருத்தரங்கு. ஆண்டுக்கு ஒருவருக்கு விருது. மாணவர்களுக்குச் சுவரொட்டிப் போட்டி.

அந்தச் சுவரொட்டிப் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்தில் உங்கள் சுவரொட்டியைப் பார்க்க வருகிறவர் பக்கத்து ஆய்வகத்து நண்பர். இங்கே வந்து நிற்பது முப்பது ஆண்டு ஆலையில் வெந்த மனிதர். அவர் உங்கள் வினைவேகச் சமன்பாட்டைப் பார்க்க மாட்டார். "இதை எத்தனை மணி நேரம் ஓட்டினாய்?" என்பார். மாணவர், "ஐந்து மணி நேரம்" என்பார். "ஐந்நூறு மணி நேரம் ஓட்டிப் பார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு முனைவர் பட்டத்தின் திசையே அந்த ஒரு வரியில் மாறக்கூடும்.

இந்தச் சங்கத்தைப் போலவே ஊர்தோறும் சங்கங்கள் வந்தன: சிகாகோ, நியூயார்க், மிச்சிகன், பிட்ஸ்பர்க்-கிளீவ்லாந்து, தென்மேற்கு, தென்கிழக்கு, நியூ இங்கிலாந்து. இவற்றுக்கெல்லாம் மேலே வட அமெரிக்க வினையூக்கச் சங்கம். மேலே என்று சொன்னாலும் அதன் நிர்வாகக் குழுவில் ஊர்ச் சங்கங்களின் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள், வேர் ஊரில்தான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெரிய மாநாடு நடக்கும். அதற்கு மாணவர்கள் வந்துபோகக் கோக்ஸ் என்பவரின் பெயரில் பயண உதவி உண்டு. நம் சியாபெட்டாவின் பெயரிலும் ஒரு சொற்பொழிவுத் தொடர் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஊர்ச் சங்கங்களுக்குப் போய்ப் பேசிவர வேண்டும். பிரபலமானவரைத் தேடி மாணவர் போவதற்குப் பதில், பிரபலமானவரையே மூட்டை கட்டி ஊர் ஊராக அனுப்புகிற ஏற்பாடு. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

உலக அளவில் இந்தத் துறையின் முதல் சர்வதேச மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? பாரிஸ் இல்லை, லண்டன் இல்லை. 1956-ல் பிலடெல்பியாவில். ஊர்ச் சங்கத்துக்காரர்கள் முன்னின்று நடத்தியது. அதன் கட்டுரைகள் அடால்பர்ட் ஃபர்காஸ் பதிப்பில் தடித்த தொகுதியாக வந்தன. பிறகு 1960-ல் பாரிஸ், 1964-ல் ஆம்ஸ்டர்டாம், 1968-ல், பனிப்போர் உச்சத்தில், மாஸ்கோ. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்த அந்த வழக்கம் 2024-ல் லியோன் நகரம் வரை வந்திருக்கிறது. மாதச் சாப்பாட்டுக் கூட்டம் நடத்திப் பழகியவர்களுக்கு உலக மாநாடு நடத்தவும் தெரிந்திருந்தது.

ஹூட்ரியை மறந்துவிடவில்லை. போருக்குப் பிறகு அவர் பெட்ரோலை விட்டு, பெட்ரோல் எரிந்த புகைக்கு வந்தார். காரின் புகைக்குழாயில் வினையூக்கி வைத்து நச்சு வாயுவைச் சுட்டெரிக்கலாம் என்று கம்பெனி தொடங்கினார், காப்புரிமை வாங்கினார். 1962-ல் இறந்தும் போனார். கனவு பலிக்கவில்லை, காரணம் ஈயம். ஆக்டேன் எண்ணை உயர்த்தப் பெட்ரோலில் கலந்த ஈயம் வினையூக்கியைக் கொன்றுவிடும். அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது 1975 மாடல்களில். ஈயமில்லாப் பெட்ரோலும் அதோடு வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமானது. அண்ணாசாலையில் பங்க்குகளில் ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தனிக் குழாய் வைத்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையில் சிலர் இருப்பீர்கள். மார்கஸ் ஹூக்கில் கரியை எரித்தவரின் யோசனை நம் பெட்ரோல் பங்க்குக்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

மெச்சிக்கொண்டே போகிறேன்; மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர்ச் சங்கம் ஆலையை நம்பிப் பிறந்தது. ஆலை போனால்? மார்கஸ் ஹூக் சுத்திகரிப்பு ஆலை 2011 இறுதியில் நின்றுவிட்டது. டூபான்டின் புகழ்பெற்ற மைய ஆய்வுப் பிரிவு 2016-ல் கலைந்து சுருங்கியது. பின்னாளில் நோபல் வாங்கிய ரிச்சர்ட் ஷ்ராக் இளமையில் வேலை பார்த்த பிரிவு அது. பிலடெல்பியாவின் பழைய பெரிய ஆலை 2019 ஜூன் 21 அன்று வெடித்து, பிறகு மூடப்பட்டது. மேசையில் கம்பெனி நாற்காலிகள் குறைந்து பல்கலைக்கழக நாற்காலிகள் கூடியிருக்கின்றன. டெலவேர் பல்கலைக்கழகம் 1978-லேயே வினையூக்கத்துக்கென்று தனி மையம் தொடங்கியிருந்ததால் சங்கத்துக்கு மூச்சு நிற்கவில்லை. ஆனால் பேராசிரியர்கள் மட்டும் கூடினால் அது வேறு வகைக் கூட்டம். யாரும் எதையும் ஒளிக்கவில்லை என்பதே அங்கே குறை. ஒளிப்பவர் எதிரில் இருக்கும்போதுதான் கேள்வியைக் கூர்மையாகக் கேட்கப் பழகுகிறோம். இது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு, அவர்களிடமும் நியாயம் உண்டு.

ரகசியத்துக்கும் பகிர்வுக்கும் நடுவில் இந்தத் தொழில் கண்ட இன்னொரு வழியைச் சொல்கிறேன். எண்ணெய் உடைக்கும் அலகில் ஓடும் பொடி, புதிதாக வரும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். துகளின் சராசரி எழுபது மைக்ரான் அளவு. சில வாரம் ஓடியபின் எண்ணெயிலிருந்த நிக்கலும் வனேடியமும் ஏறிச் சாம்பல் நிறமாகிவிடும். ஆலைக்காரர்கள் அதில் ஒரு புட்டி எடுத்து, பொடி விற்ற கம்பெனிக்கே அனுப்புகிறார்கள். விற்றவர் அதைச் சோதித்து அறிக்கை தருவார். அவரிடம் பல ஆலைகளின் புட்டிகள் இருக்கும். ஆலைப் பெயர்களை மறைத்து, "உங்களைப் போன்ற ஆலைகளில் நீங்கள் நிற்கும் இடம் இது" என்று ஒரு வரைபடம் போட்டுக் கொடுப்பார். நிக்கல் அதிகம் என்றால் ஹைட்ரஜனும் கரியும் கூடும். ஆன்டிமனி சேர்த்து அடக்கலாம். வனேடியம் அதிகம் என்றால் ஜியோலைட் படிகமே சிதைகிறது. புதுப் பொடி அதிகம் கொட்ட வேண்டும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காமல் எல்லோரும் தம் நிலை அறிகிறார்கள். வில்மிங்டன் சாப்பாட்டு மேசையின் இலக்கணமும் இதேதான்.

நம் பக்கம் வருகிறேன். இந்திய வினையூக்கச் சங்கம் இருக்கிறது. தேசியக் கருத்தரங்குகள் நடத்துகிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பி. விஸ்வநாதன் முயற்சியில் 2006-ல் தேசிய வினையூக்க ஆய்வு மையம் வந்தது. பூனாவின் தேசிய வேதியியல் ஆய்வகத்தை நடத்திய பால் ரத்தினசாமி நம் மண்ணின் மனிதர்; ஆய்வகத்து ஜியோலைட்டை ஆலைக்குக் கொண்டுபோய்க் காட்டியவர்களில் முன்வரிசைக்காரர். ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆலைகளும் இல்லாமல் இல்லை. மணலியை மனதில் ஓட்டிப் பாருங்கள். 1969-ல் ஓடத் தொடங்கிய எண்ணெய் ஆலை. அதன் பக்கத்தில் உர ஆலை. அங்கே அம்மோனியா, அதற்கு நிக்கலும் இரும்பும் வினையூக்கி. சற்றுத் தள்ளி, நம் வீட்டுச் சலவைத் தூளுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை, அங்கே பிளாட்டினம். ஒரே வட்டாரத்துக்குள் இத்தனை வகை. கிண்டியிலும் தரமணியிலும் ஆய்வு மாணவர்கள். இடையில் இருப்பது காரில் ஒரு மணி நேரம், போக்குவரத்து நெரிசல் இருந்தால் இரண்டு. ஆனால் மணலியில் இரவு ஷிப்ட் பார்க்கிற பொறியாளரும் கிண்டியில் பொடி அரைக்கிற மாணவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். ஆலைக்குள் மாணவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது நடக்கிறது. அது வேறு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்து கோபுரம் பார்ப்பது.

ஒரு யோசனை சொல்லிவிட்டு அமர்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு மாலை போதும். கம்பெனிக்காரர்களிடம் உங்கள் ஆலையைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்காதீர்கள். மேலதிகாரியின் அனுமதிக்கு ஆறு மாதமாகும், கிடைக்கவும் கிடைக்காது. முதல் கூட்டத்துக்குப் பொருள் கந்தகம் என்று வையுங்கள். உர ஆலையின் நிக்கலுக்கும் அது நஞ்சு, எண்ணெய் ஆலையின் பிளாட்டினத்துக்கும் நஞ்சு, சலவைத் தூள்காரர்களின் பிளாட்டினத்துக்கும் நஞ்சு. யாருடைய வியாபார ரகசியமும் அதில் இல்லை, எல்லோருடைய தலைவலியும் அதில் இருக்கிறது. மாணவர்கள் மாதிரிச் சேர்மமாக தையோஃபினை எடுத்துக்கொண்டு நான்கு சுவரொட்டி ஒட்டட்டும். சாப்பாட்டுக் கணக்குப் பார்க்க மட்டும் இப்போதே ஓர் ஆளைப் பிடித்துவையுங்கள்.